கீழ்த்தாடையின் இடப்பக்கம்

1912, புரட்டாசி. காலை ஆறு மணி.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டம். காய் உலர்த்தும் கொட்டகையை ஏஜெண்டு ராஜாராம் தம் மடியிலிருந்த சாவியால் திறந்தார். காய் நல்ல பச்சையாக உலர்ந்திருந்தது. அடுப்படியில், தீ பார்த்துக்கொள்ளும் மொக்கச்சாமி செத்துக் கிடந்தான். ஏஜெண்டு முதலில் காயைத்தான் பார்த்தார்.

பதினோரு மணிக்குப் போடியிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் திருப்பதி மட்டக்குதிரையில் வந்து சேர்வதற்குள் வழக்கே முடிந்திருந்தது. செத்தவன் பெண்சாதி மருதாயியைக் கையைக் கட்டிப் பலாமரத்தடியில் உட்காரவைத்திருந்தார்கள்.

"பூட்டின கொட்டகைங்க," என்றார் ஏஜெண்டு. "சன்னல் கம்பி வழியா இவ குடுக்கிற கஞ்சியும் இடிச்ச வெத்தலையும் தவிர ஒண்ணும் உள்ள போகாது. வாயி அழுகிக் கெடக்கு. எலிப் பாஷாணந்தான். தூக்குக்கு இது போதாதா?"

"எதுக்குப் பூட்டணும்?"

"கதவு தெறந்தா சூடு போயிரும், காய் வெளுத்துரும். சீசன் முடியிற மட்டும் அடுப்புக்காரன் வெளிய வர்றதில்ல. இங்க அது வழக்கம்."

திருப்பதிக்கு வழக்கங்கள்மீது மரியாதை உண்டு. அவர் பார்க்கும் பிணங்களில் பாதி அவற்றின் உபயம்.

விளக்கைப் பிடித்துப் பிணத்தின் வாயைத் திறந்தார். நாக்கும் தொண்டையும் சுத்தம். வலப்பக்கப் பற்களில் வெற்றிலைக் கறை. இடப்பக்கம் கீழே ஒரே ஒரு கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு கரைந்து, தாடை எலும்பு சாம்பல் நிறத்தில் வெளியே தெரிந்தது. தொட்டதும் பல் கையோடு வந்தது, கூடவே ஓர் எலும்புச் சில்லும். பல்லில் ஒரு குழி. குழியின் விளிம்பில் கொஞ்சம் மெழுகு. முகர்ந்தால் கிராம்பு.

அவர் நாக்கு தானாகவே தம்முடைய கடைவாயைத் தடவியது. போன வருஷம் மதுரைப் பல் வைத்தியர் அங்கே இதே வாசனையில் ஒரு பசையை வைத்து, "மூணாம் நாள் வராட்டி வேற தாடை தேடிக்கணும்," என்று சொல்லியனுப்பியிருந்தார்.

"வெத்தலைய எந்தப் பக்கம் அடக்குவான் ஆத்தா?"

"வலப்பக்கந்தான்யா. இந்தப் பக்கம் நோவுல்ல," என்று இடக்கன்னத்தைக் காட்டினாள் மருதாயி. "அதே உரல்ல இடிச்சதத்தான் நானும் திங்கிறேன். எனக்குத்தான் சாவு வரல."

மதியம் ஒரு மணி. தோட்டத்து மருந்துக் கொட்டடி. கூலிகளுக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர் பிச்சைமணிக்கு எதையும் மறைக்கத் தெரிந்த முகம் இல்லை.

"பல்லுக்குள்ள என்ன வச்சீரு?"

"பாஷாணப் பசைய்யா. கிராம்பெண்ணெயில கொழைச்சது. நரம்பைக் கொன்னு உள்ள சுத்தம் பண்ணும். பெரிய டாக்டருங்களும் வைக்கிறதுதான்."

"மூடினது?"

"மெழுகால. மூணாம் நாள் எடுத்துருவேன்."

"எடுத்தீரா?"

"ஆளு வரலையே, அதுக்குள்ள கொட்டகையில போட்டுப் பூட்டிட்டாக. ஏஜெண்டையாகிட்டப் போய்ச் சொன்னேன், அவன அனல்ல விடாதீக, பசை கசிஞ்சா எலும்பு செத்துரும்னு. 'வலிதான் நின்னுருச்சுல்ல, போய் உம்ம சோலியப் பாரும்'னாரு."

இரண்டு மணிக்கு எல்லாரும் கொட்டகை வாசலில் நின்றார்கள்.

"கட்ட அவுத்து விடுங்க," என்றார் திருப்பதி. "வெத்தலையில வெசம் இருந்தா வலப்பக்கம் வெந்திருக்கும், நாக்கும் தப்பாது. வெசம் வந்தது பல்லுக்குள்ளருந்து. எல்லாரும் அழுகலப் பாத்தீங்க, மெழுகப் பாக்கல. ராப்பகலா அடுப்பு முன்னால கெடந்தவன் வாயில அது இளகாம என்ன செய்யும்? பசை ஈறுல எறங்கி, எலும்பக் கொன்னு, ரத்தத்தையும் கெடுத்திருச்சு. இதெல்லாம் தெரிஞ்சும் பூட்டினது நீரு. கொன்னது நீருதான் ராஜாராம்."

ஏஜெண்டு கோபப்படவில்லை. "எனக்குத் தெரியும்னு யாரு சொன்னா? பிச்சைமணி, நீரா?"

பிச்சைமணி தம் கால் கட்டைவிரலை வெகுநேரம் ஆராய்ந்தார். "ஞாபகம் இல்லீங்க," என்றார்.

அன்று மாலை திருப்பதியின் அறிக்கையில் கொலைகாரன் பெயர் இருந்தது. மேலதிகாரிகளிடம் போய்த் திரும்பியபோது அந்த இடத்தில் 'பல்வலி' என்று இருந்தது.

அதெல்லாம் பின்னால். அன்றைக்கு, மருதாயி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு எழுந்தபோதே அடுத்த ஈரக்காய் மூட்டைகள் வந்து இறங்கின.

"அடுப்பு அணையக் கூடாது," என்றார் ஏஜெண்டு. "ஏ மருதாயி, ஒனக்கும் வேற போக்கிடம் இல்ல. வெரசா உள்ள போ."

அவள் கொட்டகைக் கதவைப் பார்த்தாள்.

"சாவி யாருகிட்ட இருக்கும்?"

ஏஜெண்டு மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.