நகர்ந்தது ஒரே ஒரு கோடு!

போன் அலறியது.

மேப் ஆபரேட்டர் எடுத்தாள்.

"அம்மா... உங்க அண்ணன் போயிட்டாரும்மா!"

அண்ணன் பொக்லைன் டிரைவர். காலையில் அவர் பள்ளம் தோண்டிய இடத்தில், பொக்லைனின் இரும்பு வாளி நிலத்தடி மின்கேபிளைக் கிழித்து, மின்சாரம் பாய்ந்திருந்தது. தங்கை கொடுத்த மேப்பில் அங்கே கேபிளே இல்லை!

ஒரு மணி நேரத்தில் அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர்.

மேனேஜர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார்.

"கேபிள் மேப்பை ஒரு ஃபைல் வகையிலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தினது இவதான் சார். அப்போ இடம் நகர்ந்துடுச்சு. கூடப் பொறந்தவனையே..."

"வாயை மூடுய்யா!"

மேஜையில் அறைந்தாள். டீ கிளாஸ் உருண்டது.

"மாத்தும்போது தப்பு நடந்தா ரோடு, கிணறு, விளக்குக் கம்பம் எல்லாம்ல சேர்ந்து நகரும்? பாருங்க சார்... அதெல்லாம் வெச்ச இடத்துலயே இருக்கு. கேபிள் கோடு மட்டும் பன்னிரண்டு மீட்டர் தள்ளிப் போயிருக்கு. கம்ப்யூட்டருக்கு எங்கண்ணன் மேல என்ன பகை?"

"வேற யாருக்குப் பகை?"

"இவருக்குத்தான்! போன வருஷம் மண் சரிஞ்சு ரெண்டு பேர் செத்தாங்களே... முட்டுக் கொடுக்காம தோண்டச் சொன்னது இவர்தான்னு நாளைக்குக் கோர்ட்ல அண்ணன் சாட்சி சொல்றதா இருந்தது. நான் மாத்துறதுக்கு முன்னாடியே கோட்டை இழுத்து வெச்சுட்டாரு!"

மேனேஜர் சிரித்தார்.

"எனக்கு மேப்பைத் திறக்கவே தெரியாது சார்!"

"கோட்டைக் கடைசியாத் திருத்தினவர் பேரு, தனித் தலைப்புல ஃபைல்லயே பதிவாகும் சார்."

"பொய்! அந்தத் தலைப்பே அதுல கிடையாது. நல்லாத் தேடிட்டேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"திறக்கவே தெரியாதவர்... எப்படிய்யா தேடினே?"

"தேடியும் கிடைச்சிருக்காது சார்." அவள் மவுஸைப் பிடித்தாள். "இந்த ஃபைல் வகை தலைப்புல பத்து எழுத்துக்கு மேல தாங்காது. மாத்தும்போது வாலை நறுக்கிடும். முழுத் தலைப்பைத் தேடி, இல்லேன்னு நிம்மதியா விட்டுட்டாரு."

திரையைத் திருப்பினாள்.

வால் அறுந்த தலைப்பு.

அதன் கீழே, ஓர் எழுத்துக் குறையாமல்... மேனேஜரின் பெயர்!

"கொலைகாரப் பாவி! என் அண்ணி முகத்துல நான் எப்படிடா முழிப்பேன்?"

அவள் பாய்ந்தாள். பெண் போலீஸ் இருவர் பிடித்து இழுத்தும், மேனேஜரின் சட்டைக் காலர் அவள் கையோடு வந்தது.

"சார்... காப்பாத்துங்க சார்!"

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"காப்பாத்திடலாம் வாங்க. உங்க விலாசத்தை மாத்த கம்ப்யூட்டர்கூட வேண்டாம்... வாசல்ல நிக்கிற ஜீப்பே போதும்!"