பதினோராம் பக்கத்துப் பயம்

“அக்கா, கொஞ்சம் வாயேன். இங்க பேரெல்லாம் தானா மாறுது.”

எட்டு வயது தானு இப்படிக் கெஞ்சுகிற ஆளே இல்லை. மிரே கையிலிருந்த கிம்பாப் சோற்றுச் சுருளைத் தட்டில் போட்டுவிட்டு ஓடினாள்.

அம்மாவின் மேசையில் இருப்பது ஒரே கணினிதான். ஆனால் அதற்குள் இன்னொரு கணினி உண்டு. திரையில் ஒரு சதுரமாகத் திறக்கும். அதற்கென்று தனித் திரை, தனிக் கோப்புகள். வங்கியோ அரசு அலுவலகமோ, எந்தத் தளத்துக்குப் போனாலும் ‘இந்தப் பாதுகாப்பு நிரலைப் போடு, அந்தப் பாதுகாப்பு நிரலைப் போடு’ என்று உயிரை வாங்குமே, அதையெல்லாம் அம்மா அந்த உள்கணினியில்தான் போடுவார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘செருப்பு விடுற இடம்’. அழுக்கெல்லாம் அங்கேயே நின்றுவிடும், வீட்டுக்குள் வராது. தானு விளையாடுவதும் அதில்தான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. அதுதான் பகிர்வுக் கோப்புறை. வெளியே அதில் எதை வைத்தாலும் உள்ளேயும் தெரியும். அம்மா வாராவாரம் படக்கதை வரைபவர். நிறுவனத்துக்கு அனுப்பும் நிரல் உள்கணினியில் இருப்பதால், முடித்த பக்கங்களை அந்தக் கோப்புறையில்தான் வைப்பார்.

மிரே திரையைப் பார்த்தாள். கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கன்னாபின்னா எழுத்துகளாக மாறிக்கொண்டிருந்தன.

“என்னடா பண்ணே?”

“ஒண்ணும் பண்ணல. விளையாட்டுக்கு இலவசமா சிறகு தர்றோம்னு ஒரு கோப்பு வந்துச்சு. திறந்தேன். அவ்ளோதான்.”

“அவ்ளோதானா? அது எல்லாத்தையும் பூட்டுற வைரஸ்டா!”

“பூட்டட்டுமே. செருப்பு விடுற இடம்தானே? கெட்டா அழிச்சிட்டுப் புதுசா போட்டுக்கலாம்னு அம்மாவே சொல்லியிருக்காங்க.”

அப்போதுதான் மிரேவுக்கு அது உறைத்தது.

“தானு உட்காருறதுக்கு முன்னாடி பகிர்வை மூடிடு” என்று அம்மா அவளிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். இன்று அவள் மறந்துவிட்டாள். கதவு திறந்தே கிடந்தது. இந்த வாரத்து நாற்பது பக்கங்களும் அதில்தான் இருந்தன, வேறு நகல் இல்லை. மாலை ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். போன மாதம் மணிக்கட்டு வலியால் அம்மாவுக்கு ஒரு வாரம் தவறிப்போனது. இன்னொரு முறை தவறினால் தொடரையே நிறுத்திவிடுவோம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. இப்போதுகூட அம்மா மணிக்கட்டுக்கு ஊசி வைத்தியம் செய்துகொள்ளத்தான் வைத்தியசாலைக்குப் போயிருந்தார்.

நான்காம் பக்கம் போனது. ஐந்தும் போனது.

“அக்கா, பக்கத்தையெல்லாம் இழுத்து வேற இடத்துல போட்டுடட்டுமா?”

“தொடாதே! உள்ள எதையும் தொடாதே!”

கதவை வெளியிலிருந்துதான் மூட வேண்டும். மிரே வெளிக்கணினியில் உள்கணினியின் அமைப்புகளைத் திறந்தாள். ஐயோ, எத்தனை வரிகள்! அம்மா சொல்லிக்கொடுத்தபோது சும்மா தலையை ஆட்டியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். அவசரத்தில் சுட்டி எங்கெங்கோ போனது.

“பத்து போச்சு அக்கா. பதினொண்ணும் போச்சு!”

அங்கே இருந்தது, ‘பகிர்வு’ என்று. அதன் பக்கத்திலிருந்த டிக் குறியை எடுத்தாள். உடனே உள்கணினியையும் அணைத்தாள். சதுரம் மறைந்தது.

எண்ணிப் பார்த்தாள். இருபத்தெட்டுப் பக்கங்கள் நன்றாக இருந்தன. முதல் பன்னிரண்டும் திறக்கவே இல்லை.

தானுவின் உதடு துடித்தது. “அக்கா, தானா கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாமா?”

மிரேவுக்கும் ஒரு நொடி அந்த ஆசை வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் மணி மூன்றரை. அம்மாவுக்கு எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. அவள் போனை எடுத்தாள்.

“கதவைத் திறந்து விட்டது நான்தான்டா. அதை முதல்ல சொல்றேன். நீ பக்கத்துல நில்லு, போதும்.”

தானு அவளையே பார்த்தான். பிறகு விறுவிறுவென்று அறைக்குள் போய், போர்வைக்கு அடியிலிருந்து தன் கைக்கணினியை எடுத்து வந்தான்.

“திட்டமாட்டியே?”

அதில் அம்மாவின் இந்த வாரத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து நகலெடுத்து வைத்திருந்தான், ஒன்று முதல் பத்து வரை. வெளியாகும் முன் யாரும் பார்க்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

“அடப்பாவி, திருடிப் படிக்கிறியா? ஏன் பத்தோட நிறுத்தினே?”

“பதினொண்ண எட்டிப் பார்த்தேன். கிணத்துலேர்ந்து பேய் வந்துச்சு. பயந்து விட்டுட்டேன்.”

மிரே போனில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தானுவிடம் இருந்த பத்துப் பக்கங்களையும் சேர்த்து. அப்படிச் சொல்வதுதான் வைரஸைவிடப் பயமாக இருந்தது.

“அப்போ ரெண்டு பக்கம்தானே? வர்றேன்” என்றார் அம்மா. “நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க.”

அம்மா வந்தார். திட்டவில்லை, அதற்கு நேரமில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“மிரே, இப்படித் திரும்பு. பேயைப் பார்க்குற பொண்ணை வரையணும். பக்கம் ஒவ்வொண்ணா போனப்போ முகத்தை எப்படி வச்சிருந்தே?”

மிரே காட்டினாள். நடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்தரைக்கு இரண்டு பக்கங்களும் முடிந்தன. அம்மா உள்கணினியைப் போன வாரத்து நிலைக்குத் திருப்பினார். மிரேதான் பகிர்வைத் திறந்தாள். நாற்பது பக்கங்களும் போய்ச் சேர்ந்ததும் அவளே மூடினாள். அதற்கப்புறம் இருவருக்கும் திட்டு விழுந்தது, வட்டியோடு.

செவ்வாய்க்கிழமை படக்கதை இணையத்தில் வெளியானது. பதினோராம் பக்கத்தின் கீழே ஒரு வாசகர் எழுதியிருந்தார்: “இந்தப் பொண்ணு பேயை நிஜமாவே பார்த்திருக்கா!”

தானு விழுந்து விழுந்து சிரித்தான். மிரே எழுந்துபோய், பகிர்வு மூடியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தாள்.