கையை விடக்கூடாது

ஹன்னாவின் கை எப்போதும் வியர்க்கும். சோதனை எழுதும்போது பேனையே வழுக்கும். இன்று அதில் வியர்வையே இல்லை. காற்றுத்தான் காரணம் என்று கெல்வின் நினைத்துக்கொண்டான்.

வட்டுக்கோட்டைக்குத் தெற்கே, பொழுதுபடும் நேரம், தேவாலய வாலிபர்கள் கைகோத்து வரிசையாக, கடலோரத்து ஆழமில்லாக் களப்புக்குள் இறங்கியிருந்தார்கள். ‘இயற்கையோடும் அயலாரோடும் இணைவோம்’ என்று முகாமுக்குப் பெயர். இயற்கையைப் பார்க்க வந்தவர்களின் கண்களை, முதல் வேலையாக, துவாயால் கட்டினார் தலைவர் துரைராஜா. கதைக்கக்கூடாது. கையை விடக்கூடாது.

“முழங்காலளவு தண்ணிதான் தம்பி. உதுக்கை கோழிக்குஞ்சும் தாழாது” என்றார் கெல்வினிடம்.

வரிசையின் வாலில் கெல்வின்; அவனுக்கு முன்னால் தங்கை ஹன்னா. “அவளுக்கு ஒண்டெண்டால் நீயும் வீட்டை வராதை” என்று சொல்லித்தான் அம்மா பியாட்றிஸ் சின்னவளை அனுப்பியிருந்தாள்.

அழுகிய சாதாழைப் பாசியின் நாற்றமும், யாரோ தலை துவட்டிய துவாயின் எண்ணெய் மணமும் மூக்கில் ஏற, உள்ளங்காலை உறிஞ்சிப் பிடிக்கும் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி, முன்னே போகிறவர்களின் தண்ணீர்ச் சத்தத்தைப் பின்பற்றி அவன் நடந்தான். அந்தச் சத்தம் குறைந்துகொண்டே போனது. கடைசியில் அவனுடைய கால்கள் மட்டும்தான் தண்ணீரைக் கலக்கின.

“ஹன்னா, பயமே?”

பதில் இல்லை. நித்திரையிலும் வாய் மூடாத பிள்ளை. கை மட்டும் இறுகியது.

“அண்ணை! உங்கை எங்கை போறாய்?”

ஹன்னாவின் குரல். பின்னால். கரையிலிருந்து.

“நீ என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டெல்லோ வாறாய்?”

“இல்லை! சிப்பி வெட்டிப்போட்டுது, நான் அப்பவே ஏறிட்டன். விசிலடிச்சு எல்லாரும் ஏறிட்டினம், உனக்குக் கேக்கேல்லையே? உன்ரை கையை அந்த அக்காட்டைக் குடுத்தனான்.”

“எந்த அக்கா?”

“தண்ணிக்குள்ளை இருந்தவ. முகாம் அக்கா எண்டு நினைச்சன்.”

துவாயை இழுத்தெறிந்தான்.

முன்னே ஒருவரும் இல்லை. முழங்காலளவு தண்ணீர். அதிலிருந்து எழுந்த ஒரு கை, அவன் கையைப் பிடித்திருந்தது. அதற்கப்பால் கோத்த கைகள். அதற்கப்பாலும். நடுக்களப்பு வரை. கைகள் மட்டும்.

உதறினான். விடவில்லை.

தண்ணீர் சளசளத்தது. ஹன்னா ஓடிவந்துகொண்டிருந்தாள்.

“வராதை! அங்கையே நில்லடி!”

வந்து அவனுடைய மற்றக் கையைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் முன்னால் பார்த்தாள். முகம் வெளிறியது.

“விடு, ஹன்னா. ஓடு.”

“மாட்டன். உன்னை விடவேண்டாமெண்டு அம்மா எனக்கும் சொன்னவ.”

கரையிலிருந்து பார்க்க, அந்திச் செம்மையில் கைகோத்து நிற்கும் அண்ணனும் தங்கையும் மட்டுமே தெரிந்தார்கள். துரைராஜா மனமுருகிப்போனார்.

“பாருங்கோ பிள்ளையள், உதுதான் இணைப்பு! எல்லாரும் போய்ப் பிடியுங்கோ!”

சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். முதலில் வந்தவன் ஹன்னாவின் கையைப் பிடித்தான். அவன் கையை இன்னொருத்தி. வாலில் துரைராஜா. யாரோ பாட்டெடுத்தார்கள். கெல்வின் கத்தினான். பாட்டு பலமாக இருந்தது.

நடுக்களப்பில் ஒரு கை தண்ணீருக்குள் தாழ்ந்தது.

அடுத்தது.

அடுத்தது.

ஒவ்வொன்றாக. அவனை நோக்கி.