சாயம் போடாத ஸ்லைடு

சாயப் புட்டியின் மூடியைக்கூட அவள் இன்னும் திறக்கவில்லை. ஸ்லைடில் அதற்குள் பழுப்பு ஏறியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். விடுமுறை நாளின் பிற்பகல், அவள் வேலை பார்க்கும் லேபில் வேறு யாருமில்லை; ஃபிரிட்ஜின் உறுமலும், தொட்டியில் குழாய் சொட்டும் சத்தமும், மூக்கை அறுக்கும் ஸ்பிரிட் நெடியும், மேசைமேல் மெல்ல ஊர்ந்துவரும் ஜன்னல் நிழலும்தான் துணை. கண்ணாடிமேல் இருந்தது அவள் தம்பியின் எலும்பு மஜ்ஜை. ரத்தப் புற்றுநோய்தான் என்று தெரிந்துவிட்டது. எந்த வகை என்பதுதான் பாக்கி. இந்தச் சாயம் போட்டும் அணுக்கள் பெரும்பாலும் பழுப்பாகாவிட்டால், மாத்திரையிலேயே வருடக்கணக்கில் ஓட்டிவிடலாம். கூட்டம் கூட்டமாகப் பழுப்பானால் அது வேறு வகை. அதற்கு அந்த மாத்திரை கேட்காது.

இன்னொரு ஸ்லைடை எடுத்து வைத்தாள். ஓரத்தில் நாலைந்து பழுப்பு அணுக்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அணுவும் பழுப்பானது. அதற்கும் பக்கத்தது. காய்ந்து செத்த அணுக்கள்! அவள் நாற்காலியைச் சட்டென்று பின்னுக்குத் தள்ளினாள்.

தம்பி போன் செய்தான். “அக்கா, பாத்துட்டியா? எலும்புக்குள்ள யாரோ நடக்கிற மாதிரியே இருக்குக்கா.”

“கண்டதையும் நெனைக்காம படு. நான் இருக்கேன்ல?”

போனை வைத்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. பொல்லாத கோபம். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. எதுவோ ஒன்று வந்து கேட்டால் கொடுத்துவிடுவாளா?

“உனக்கு வேற ஆளே கெடைக்கலையா?” என்று லென்ஸைப் பார்த்துக் கேட்டாள். “தைரியம் இருந்தா எங்கிட்ட வா.”

ஊசியால் விரலைக் குத்தினாள். மஜ்ஜைக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தாள்.

குழாய்ச் சத்தம் நின்றது.

பழுப்பு அவள் ரத்தத்தின் பக்கம் திரும்பியது. மொத்தமாக. வெறும் கண்ணாடியைக் கடந்தது. ரத்தத்தில் இறங்கியது.

மஜ்ஜை வெளுத்துக் கிடந்தது. ஓர் அணுவில்கூட நிறமில்லை.

மறுபடி தம்பி. “அக்கா, நின்னுடுச்சுக்கா! சட்டுனு நின்னுடுச்சு!”

“நிக்காம எங்க போகும்? மாத்திரையே போதும்டா. டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

அவள் சிரித்தாள். கண்ணீரும் வந்தது. துடைக்கக் கையைத் தூக்கினாள்.

குத்திய விரல் பழுப்பாகியிருந்தது. உள்ளங்கையும். மணிக்கட்டும்.

கோட்டின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டாள்.

“ஏறு, பாக்கலாம்.”

முழங்கைத் தோல் உள்ளிருந்து மெல்லப் புடைத்தது.