பில்டர் துணியில் படிந்த கை

கிணற்றடியில் கற்பூரம் மணத்தது. மையத்துக் குளிப்பாட்டுகிற சாவு வீட்டின் மணம். முகைதீன்பாவா வாளியை முகர்ந்து பார்த்தார், அதில் இல்லை. பில்டர் டாங்கியின் மூடியைத் திறந்ததும் மூக்கில் அடித்தது.

கடல் வந்து போன பிறகு கல்முனைக்குடிக் கிணறுகளில் உப்பும் சேறும் கிடந்தன, ஆரென்று தெரியாத மையத்துகளும் கிடந்தன. இறைத்தார்கள், மருந்து போட்டார்கள். கடைசியில் ஏதோ ஒரு நிறுவனம் இந்த டாங்கியைக் கொண்டுவந்து வைத்தது. உள்ளே ஒரு வெள்ளைத் துணி. தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய நூலாம். நஞ்சு, கிருமி எதையும் விடாதாம்.

"தண்ணியத் தவிர வேறொண்டும் இறங்காது மாமா," என்றான் டாங்கியைப் பொருத்த வந்த றம்ஸீன். "துணிய மட்டும் கழட்டிப் போடாதீங்க."

"மையத்தைப் பொதியிற கபன் துணி மாதிரிக் கிடக்கு," என்றார் அவர். அவனையும் நம்பவில்லை, அவன் துணியையும் நம்பவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி மகள் றபீக்கா குடிக்கிறாளே என்றுதான் விட்டுவைத்திருந்தார்.

இப்போது அந்தத் துணியில், நாள்பட்டுப் படிந்த மஞ்சள் வழவழப்புக்கு நடுவில், ஈரத்தில் மினுங்கிக்கொண்டு, ஓரத்தில் நீண்ட முடி ஒட்டியிருக்க, ஒரு பெண்ணின் உள்ளங்கை தெரிந்தது. மருதோன்றிச் சிவப்பு.

சல்மா உம்மா.

கடல் கொண்டுபோன அவருடைய மனைவி. அதற்கு முதல் நாள் இரவுதான் மருதோன்றி வைத்திருந்தாள். மையத்துக் கிடைக்கவில்லை. குளிப்பாட்டவுமில்லை, அடக்கவுமில்லை.

"என்ன வாப்பா, உத்து உத்துப் பாக்கிறீங்க? மீன் புடிபட்டிருக்கா?" குசினி வாசலில் றபீக்கா சிரித்தாள்.

"ஒண்டுமில்ல. உள்ள போ."

"தண்ணி விடாய்க்குது."

"பொறு எண்டு செல்றன்!"

அவர் துணியைக் கழற்றினார். டாங்கிக்குள் தேங்கி நின்ற தண்ணீர் மளமளவென்று கீழே குழாய்ப் பக்கம் இறங்கியது. அதை அவர் கவனிக்கவில்லை. பொண்டாட்டியின் மையத்தைப் புருசன் குளிப்பாட்டலாம், மார்க்கம் தடுக்கவில்லை. கிணற்றுக் கட்டில் துணியை விரித்து, மையத்துக்கு ஊற்றுவதுபோல் வாளித் தண்ணீரில் இலந்தை இலை போட்டு மெல்ல ஊற்றினார். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டதும் குனிந்தார். பட்டாசு. சண்டை முடிந்துவிட்டதாம். அதையும் அவர் நம்பவில்லை.

முதல் தண்ணீரில் கை அழியவில்லை. தெளிந்தது.

இரண்டாம் தண்ணீரில் மணிக்கட்டு வந்தது.

மூன்றாம் தண்ணீருக்கு முன் விரலிடுக்குகளைத் துடைத்தார், அழுதுகொண்டே. பெருவிரல். அடுத்தது. அடுத்தது. அடுத்தது. சின்ன விரல்.

அதற்கப்பால் இன்னொன்று.

அவருடைய கை நின்றது. சல்மா உம்மாவுக்கு ஐந்து விரல்.

இது ஆர்?

துணி வெறுமையாயிற்று. வெள்ளை வெளேரென்று. கற்பூர மணமும் போய்விட்டது. பின்னால் டாங்கியின் குழாய் திறந்து ஓடும் சத்தம்.

"குடிக்காத! மகள், குடிக்காத!"

றபீக்கா வெறும் கிளாஸைக் கீழே வைத்து வாயைத் துடைத்தாள். "இண்டைக்குத்தான் வாப்பா தண்ணி இனிக்குது." அவள் வாயில் கற்பூரம் மணத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாருங்க, உதைக்கிறான்."

சட்டைத் துணி இறுகியது. உள்ளேயிருந்து ஒரு கை தள்ளியது. பிள்ளையின் கை அவ்வளவு பெரிதாய் இராது. மெல்ல விரிந்தது.

ஆறு விரல்.