இடது காலில் ஒரு பொய்க் கட்டு

பஸ் படியில் இடது காலைத் தூக்கி வைத்தபோதுதான் பொன்னுவேல் அந்தக் கண்களைப் பார்த்தான்... அகலமான, பதறிப்போன கண்கள்.

"ஐயையோ... காலுல அடியா? இங்கன உக்காருங்க!"

வாசல் பக்கத்து ஒற்றைச் சீட்டிலிருந்து அவள் சட்டென்று எழுந்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும்... ஏனென்றால் விரல் முதல் கணுக்கால் வரை சுற்றியிருந்த அந்த வெள்ளைக் கட்டுக்குள் ஒரு கீறல்கூடக் கிடையாது!

கால் மணி நேரத்துக்கு முன்னால் வத்தலக்குண்டு மருந்துக் கடையில் துணி வாங்கி, வாழைக்காய் மண்டிக்குப் பின்புறம் ஒளிந்து நின்று, அவனே சுற்றிக்கொண்டது.

இந்தக் கூத்து எதற்கு என்கிறீர்களா? மெட்ராசில் சர்வதேச ஸ்பீட்வே பந்தயம். பிரேக்கே இல்லாத மோட்டார் சைக்கிளில் மண் பாதையை நாலு தடவை சுற்ற வேண்டும். ஆறு நாட்டு வீரர்களோடு உள்ளூர்க்காரன் ஒருவனுக்கும் இடம் கொடுத்தார்கள். பள்ளங்கி மெக்கானிக் பொன்னுவேலுக்கு அது கிடைத்தது. எண்பத்திரண்டாம் வருடத்தில் பள்ளங்கிக்கு அதைவிடப் பெரிய சேதி ஏது? கொட்டடித்து, மாலை போட்டு வழியனுப்பினார்கள்.

அங்கே புறப்படும் கோட்டில் குறுக்கே நாடா கட்டியிருப்பார்கள். நாடா மேலே ஏறியதும் வண்டி பாய வேண்டும். அதற்கு முன் தொட்டால் ஆட்டத்தை விட்டே வெளியே. பொன்னுவேல் அவசரப்பட்டுக் கிளட்சை விட்டான்... தொட்டுவிட்டான். அவ்வளவுதான். மூன்று மாதம் ஓட்டிப் பழகியவன், ஒரு கெஜம்கூட ஓட்டாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

விழுந்து அடிபட்டேன் என்றால் ஊர் தாங்கும். புறப்படவே இல்லை என்றால்...?

மலை ஏற ஏற மழை வலுத்தது. அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தாள்.

"என்ன கண்மணி, லீவு முடிஞ்சுதா? நாளைக்கு ஆஸ்பத்திரி டூட்டியா?" என்றார் கண்டக்டர் மூக்கையா.

"ஆமாண்ணே. அக்கா வீட்டுக்கு அய்யம்பாளையம் போயிருந்தேன்."

கண்மணி... இலங்கையின் நுவரெலியாத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து பள்ளங்கியில் குடியேறிய குடும்பம் என்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான். இன்றுதான் பார்க்கிறான். அதுவும் இந்த லட்சணத்தில்!

ஒரு வளைவில் பஸ் தூக்கிப் போட்டது. அவள் கால் சீட்டின் இரும்பில் மோதி மடங்கியது. வலியில் உதட்டைக் கடித்தவள், அவன் பதறுவதைப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல... நீங்க கால அசைக்காதீங்க."

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கன்னம் நனைந்தது. சாரல்தான், வேறென்ன...

மூன்றாம் நாள் அவன் வேலை பார்க்கும் பட்டறை வாசலில் அதே கண்கள்.

"கட்டு அழுக்காயிருச்சே. ஆஸ்பத்திரிக்கு வாங்க, மாத்தி விடுறேன்."

"டாக்டரம்மா உத்தரவா?"

"டாக்டரம்மா இல்லீங்க... கட்டுத்துணி சுருட்டுறவ. அவ சொன்னா வெரசா வந்துரணும்!"

அவனும் சிரித்துவிட்டான். மூன்று நாளில் முதல் சிரிப்பு... அவள் ஓரடி எடுத்து வைத்ததும் அதுவும் செத்தது. அவள் நொண்டினாள். நிஜமாகவே நொண்டினாள்.

"உங்க காலுக்கு என்ன?"

"அன்னைக்குப் பஸ்ல சுளுக்கிக்கிச்சு. ரெண்டு நாள்ல சரியாயிரும். உங்க காலு எப்பிடி இருக்கு?"

வெட்கம் தாங்காதவனுக்குக் கோபம்தான் கைக்கு வரும். அவனுக்கும் அதுவே வந்தது.

"என் காலப் பாத்துக்க எனக்குத் தெரியும். நீங்க உங்க சோலியப் பாருங்க!"

அவள் கண்கள் தாழ்ந்தன. நொண்டியபடியே மேட்டில் ஏறிப் போனாள். சீ, நானும் ஒரு மனுசனா... என்று அவன் ஸ்பேனரை விட்டெறிந்தான்.

அந்த நேரம் பார்த்துப் பட்டறை முதலாளி சேனாதிபதி வந்து நின்றார். "ஏலே, பந்தயத்துல விழுந்து அடிபட்டு வந்த வீரன்லே நீ! ஞாயித்துக்கெழம உனக்குப் பொன்னாடை! ஊரே கூடுது!"

சனிக்கிழமை காலை. கொடைக்கானல் போகும் பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. ஆனாலும் வீரர் காலை நீட்டி உட்காரட்டும் என்று பொன்னுவேலுக்கு இரண்டு பேர் உட்காரும் சீட்டையே விட்டிருந்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் கண்மணி ஏறினாள். அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வலிக்கும் காலை ஊன்றாமல் கம்பியைப் பிடித்தாள்.

பொன்னுவேல் எழுந்தான். "உக்காருங்க."

"வேணாம். அடிபட்டவங்க உக்காரட்டும்."

"அடிபடல... எனக்கு அடியே படல."

குனிந்து கட்டை அவிழ்த்தான். அவிழ்க்க அவிழ்க்கப் பஸ் அடங்கிப்போனது. நாடாவைத் தொட்டது, வெளியே அனுப்பப்பட்டது, மண்டிக்குப் பின்னால் நின்று துணி சுற்றியது... ஒன்றையும் விடாமல் சொன்னான். நாலு பேர் கொல்லென்று சிரித்தார்கள்.

"எங்க மூஞ்சியில கரியப் பூசிட்டியேலே!" என்று சேனாதிபதி பின் சீட்டிலிருந்து கத்தினார்.

பூசியதுதான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கண்மணி உட்கார்ந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"மெய்தான்... எனக்கு அன்னைக்கே தெரியும்."

"என்னது!"

"தனக்குத்தானே கட்டிக்கிட்டா முடிச்சு உள்பக்கம் விழும். ஆஸ்பத்திரியில கட்டினா வெளிப்பக்கம் இருக்கும். வீக்கமும் இல்ல, மருந்து வாடையும் இல்ல. சுளுக்குன காலத் தடவக் குனிஞ்சப்பத்தான் கவனிச்சேன்."

"என்னைய எழுப்பி விட்டிருக்கலாமே?"

"நாலு வார்த்த நல்லாக் கேக்கணும்னு வாயத் தொறந்தேன்... நீங்க சன்னல் பக்கம் திரும்பி அழுதுகிட்டிருந்தீங்க. காலுல இல்லாட்டியும் எங்கயோ பலமான அடின்னு தோணுச்சு. பேசாம நின்னுட்டேன்."

பொன்னுவேலால் நிமிர முடியவில்லை. மெட்ராசில் அத்தனை பேர் சிரித்தபோதுகூட இப்படிக் கூசியதில்லை.

"அப்புறம் எதுக்குப் பட்டறைக்கு வந்தீங்க?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு..." கண்கள் ஒரு கணம் அவனைத் தொட்டுவிட்டு ஓடின.

"கண்மணி... அன்னைக்கும் அவசரப்பட்டேன். இப்பவும் நாடா ஏறுறதுக்கு முன்னால பாயிறேனோ என்னமோ... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."

அந்தப் பஸ்ஸில் புருசன் பெண்டாட்டியைத் தவிர ஆணும் பெண்ணும் ஒரே சீட்டில் உட்கார்வது கிடையாது. கண்டக்டர் மூக்கையா டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கண்மணி முகமெல்லாம் சிவக்க, சன்னலோரமாக நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

"நாடா ஏறி ரெம்ப நேரமாச்சு... நீங்கதான் இன்னும் நிக்கிறீங்க."

பொன்னுவேல் உட்கார்ந்தான்.