சுடலிக் கடல்

நீலவட்டக் குடியேற்றத்தில் தினமும் காலை ஆறு மணிக்கு, செத்து இருநூறு வருடமான கேப்டன் ஆல்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிப்பார். உலோகச் சிலைக்குள் அவருடைய மூளையின் நகலை வைத்திருந்தார்கள். "இந்தக் கோளைக் கண்டுபிடித்தவன் நான்!" என்று அவர் முழங்க, ஜனங்கள் காதில் வாங்காமல் வேலைக்கு ஓடுவார்கள்.

கண்டுபிடித்தாராம்! அவருக்கு முன்பே ஒரு சுரங்கக் கம்பெனி கூலியாட்களை அடிப்பள்ளத்தில் இறக்கிவிட்டு, அடியோடு மறந்தும் போயிருந்தது. கலம் பழுதாகி நாக்கு வறண்டு வந்து சேர்ந்த ஆல்டனுக்குப் பனியை உருக்கித் தண்ணீர் கொடுத்தவள் சுடலி என்ற கூலிக்காரி. வயிறு முட்டக் குடித்துவிட்டு மனுஷன் தன் வரைபடத்தில் எழுதினார்: 'அடிப்பள்ளம். ஆளில்லை.'

இப்போது அந்தப் பள்ளத்தில் எண்ணூறு பேர். இன்னும் நாற்பது நாளில் அங்கே கடல் வரப்போகிறது. துருவப் பனியை உருக்கிப் பள்ளங்களை நிரப்பும் கடலாக்கி இயந்திரம் ஆல்டனின் வரைபடத்தை மட்டுமே நம்பும். ஆளிருப்பதாக அதில் எழுதியிருந்தால் அந்த இடத்தை விட்டுவிடும்.

சுடலியின் வம்சத்தில் வந்த பவளக்கொடி, விருந்தாளிக் காற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு மேலே நீலவட்டத்துக்கு வந்தாள். சீட்டில்லாமல் மேல் நகரத்தில் மூச்சுவிட முடியாது. நேராக வரைபட அலுவலகத்துக்குப் போனாள்.

"சார், அந்த ஒரு வரிய மாத்துங்க. இல்லேன்னா எங்களுக்கும் காத்துச்சீட்டு குடுத்து மேல ஏத்திவிடுங்க. எம்மக கீழ இருக்கா சார்."

அலுவலர் ஞானதுரை நல்லவர். அதுதான் வினை.

"ஆளே இல்லாத இடத்துக்கு எண்ணூறு சீட்டு எப்படிம்மா குடுக்கறது? வரைபடத்த மாத்தணும்னா சபை கூடணும். சபை இப்ப ஆல்டன் சிலைய எடுக்கறதா வேண்டாமாங்கற பிரச்சினையில நிக்குது. மொதல்ல அந்தாளு சிலை விழட்டும், மத்ததெல்லாம் தானா நடக்கும். நீயும் வந்து சேரு."

பாவம், நம்பிவிட்டாள். மேடை மேடையாக ஏறிப் பேசினாள். ஊர் இரண்டுபட்டது. தலைக்குள் பதித்த கருத்துச்சில்லுகளில் ஒரு கட்சி 'மகான்' என்றது, இன்னொன்று 'கொள்ளைக்காரன்' என்றது. சோறு தண்ணி மறந்து சண்டை போட்டார்கள்.

முப்பத்தெட்டாம் நாள் சிலையின் கழுத்தில் கயிறு விழுந்தது. அப்போதுதான் ஆல்டன் சொன்னார்: "அவர்கள் இருந்தார்கள். நான் பார்த்தேன். ஆளில்லை என்று எழுதினால்தான் நிலம் என் பெயருக்குக் கிடைக்கும். திருத்திவிடுகிறேன். என் குரலுக்கு இயந்திரம் கட்டுப்படும். இணைப்பு மட்டும் கொடுங்கள்."

"ஐயோ, நிறுத்துங்க! அந்தாளப் பேச விடுங்க!" என்று பவளக்கொடி அலறினாள்.

யார் கேட்டார்கள்? "அவன் வாயை மூடு!" என்று கூட்டம் ஒரே மூச்சாக இழுத்தது. சிலை தலைகுப்புற விழுந்து மண்டை நசுங்கியது. ஊரெல்லாம் லட்டு கொடுத்தார்கள்.

சபை மறுநாளே கூடி, ஆல்டன் பெயரைச் சகல இடத்திலும் அழித்தது. ஆல்டன் வரைபடம் சுடலி வரைபடம் ஆனது. வரப்போகும் கடலுக்கும் சுடலிக் கடல் என்றே பெயர் வைத்தார்கள்.

"அந்த வரி சார்?"

"அதுக்குக் குழு போட்டாச்சும்மா. ஆறு மாசத்துல அறிக்கை வந்துடும்," என்றார் ஞானதுரை, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவளுடைய காற்றுச்சீட்டில் இன்னும் மூன்று நாள் மிச்சமிருந்தது. மகளை நினைத்தாள், கீழே இறங்கிப் போனாள்.

நாற்பதாம் நாள் கடல் வந்தது. சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிசகவில்லை.

மேலே, காலிப் பீடத்தில் யாரை நிறுத்துவது என்று சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பவளக்கொடிக்குத்தான் ஆதரவு அதிகம்.